பெரட்டுக் களத்தில் டிரில்

ஜூன் 12, செவ்வாய்

மூன்றாம் நாளாக மழை. பள்ளிக்கூடத்துத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அதில் ஒன்று கரும்பலகைக்கு நேர் மேலே. முப்பத்துநான்கு பிள்ளைகளில் வந்தது பதினொன்று. எழுத எழுத அழிந்துகொண்டே போயிற்று. பத்து மணிக்கே லயத்து வீடுகளுக்கு அனுப்பிவிட்டேன்.

மழை மட்டும் காரணமில்லை. எனக்கு இன்று முதல் நாள். அந்த வார்த்தையை, பெட்டிக்குள் பூட்டி வைக்கும் இந்த நோட்டில் எழுதக்கூடக் கை கூசுகிறது. மா.வி. என்று வைத்துக்கொள்கிறேன்.

கதவைத் தாழிட்டு, சாக்கை விரித்து, போர்டிங் பள்ளியில் ரெபெக்காள் டீச்சர் கற்றுக்கொடுத்தது:
குனிந்து கால்விரல் தொடுதல், பதினைந்து.
மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுத்தல், பதினைந்து.
நாலு காலில் நின்று பூனைபோல் முதுகை வளைத்தல், எண்ணவில்லை.
பிறகு அறைக்குள்ளேயே வேக நடை.

அரை மணி நேரம். வலி பாதிக்கு மேல் போய்விட்டது.

அம்மா வெளியிலிருந்து: "ஏட்டி எஸ்தரு, உள்ள என்னட்டி தடதடன்னு? ஆட்டுக்குட்டி எதுவும் புகுந்துட்டா?"

"நான்தாம்மா."

"இந்த நாள்ல சுருண்டு படுக்காம குதிக்கிற கழுதைய இன்னைக்குத்தான் பாக்கேன்."

இருபது வயதுவரை இந்த வீட்டில் இதைப்பற்றி எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். சுருண்டு படு. யாரிடமும் சொல்லாதே.

ஜூன் 13, புதன்

காலை ஆறரை. ஜன்னலில் நின்று, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தைப் பார்த்தேன். அப்பா பேரேட்டைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு பேர் கூப்பிடுகிறார். இந்த எஸ்டேட்டுக்கு அவர்தான் கணக்கப்பிள்ளை. இருநூறு பேரை எந்த மலைக்கு, எந்த நிறைக்கு, அதாவது எந்தச் செடி வரிசைக்கு என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை.

இன்று வரிசையில் நாலு கூடை கவிழ்ந்திருந்தது.

துரைக்குத் தெரியாத வழக்கம் இது. மா.வி. வந்தவள் கொழுந்துக் கூடையைக் களத்தில் கவிழ்த்து வைப்பாள். வாயைத் திறக்க வேண்டாம். அப்பா கூடையைப் பார்த்து, "நீ ஸ்டோருக்கு" என்பார். ஸ்டோர் என்றால் தேயிலை ஃபாக்டரி. அங்கே சூட்டில் உட்கார்ந்து தூளிலிருந்து குச்சி பொறுக்க வேண்டும். இரண்டு நாள். மூன்றாம் நாள் கூடை நிமிர்ந்துவிடும். எந்த ஆணும் எதுவும் கேட்பதில்லை.

எனக்குப் பார்க்கவே எரிச்சல். உட்கார்ந்து உட்கார்ந்துதான் வலியை வளர்க்கிறார்கள். சொல்லித்தர ஆள் இல்லை. கோயிலுக்கு ஆள் வருகிறது, சாராயத்துக்கு ஆள் வருகிறது, இதற்கு ஒரு நாதி இல்லை.

ஜூன் 15, வெள்ளி

மழை சற்று விட்டது. மண்ணெண்ணெய் தீர்ந்தது; நாளை மறக்காமல் வாங்க வேண்டும்.

சாயங்காலம் பேச்சி வந்தாள். மூன்றாம் லயம். என் வயதுதான், இரண்டு பிள்ளை, மூத்தது என்னிடம் படிக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் நாள் வாந்தி எடுப்பவள். இன்று கூடை கவிழ்த்தவர்களில் அவளும் ஒருத்தி. ஸ்டோர் விட்டு நேராக வந்திருக்கிறாள். முகம் வெளிறிக் கிடந்தது.

நான் செய்வதைச் சொன்னேன்.

"நெசமாவே கொறையுமா டீச்சர்? எங்க மாமியா சுக்கும் கருப்பட்டியும் இடிச்சுத் தாராவ. அதையும் சேத்துல்லா வாந்தி எடுக்கேன்."

"செஞ்சுதான் பாரேன்."

பூனைபோல நில் என்றதும் சிரித்துச் சிரித்துச் சாக்கிலேயே சரிந்துவிட்டாள். "எம்மா! எம்புருசன் பாத்தான்னா பேய் புடிச்சிட்டுன்னு உடுக்கைக்காரனக் கூட்டியாந்துருவான்."

அரை மணிக்குப் பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, "செத்த லேசா இருக்கு டீச்சர். முறுக்கு உட்டுருக்கு. நாள் முச்சூடும் ஸ்டோர்ச் சூட்டுல உக்காந்திருந்தேன்லா, அதுவும் இருக்கும்."

அதெல்லாம் இல்லை, உடற்பயிற்சிதான் என்று சொன்னேன். ரெபெக்காள் டீச்சருக்குக் கடிதம் எழுத வேண்டும். நான் ஒருத்திக்கு உபயோகப்பட்டிருக்கிறேன்.

ஜூன் 18, திங்கள்

துரைசானி பள்ளிக்கு வந்தார். குடை பிடிக்க ஒரு ஆள், நாயைப் பிடிக்க ஒரு ஆள். பிள்ளைகள் பாட்டுப் பாடின. மழை நின்ற பத்து நிமிஷத்தில் வெளியே நிறுத்தி டிரில் செய்து காட்டினோம். து.சா.வுக்கு அதுதான் பிடித்தது.

என் இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். போர்டிங் என்றேன். பெண்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியை வேலைக்கு மதராஸில் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறதாம். போக ஆசையா என்றார். ஆசையா! இந்த மலையை விட்டு இறங்க எனக்கு ஒரு கடிதம் போதும். அதைத் தரக்கூடிய கை என் மேஜைமேல் இருந்தது.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெரிய பெண்களுக்கும் டிரில் நல்லது. மா.வி. வலிக்கு நல்லது. எனக்கே போகிறது. இங்கே இந்தப் பெண்கள் அறியாமையால் இரண்டு நாள் முடங்கிவிடுகிறார்கள்.

"அப்படியா? எங்கே முடங்குகிறார்கள்?" என்றார்.

கூடை விஷயத்தைச் சொன்னேன். கவிழ்த்து வைப்பது, அப்பா பார்ப்பது, ஸ்டோருக்கு அனுப்புவது, எல்லாம். வேடிக்கைக் கதை போலச் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போகும்போது சமையல்காரனிடம் கற்ற தமிழில், "நீ ரொம்ப கெட்டிக்காரி பொண்ணு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓடிவந்தேன். அம்மாவிடம் மதராஸ் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 20, புதன்

அப்பா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா குழம்பு ஊற்றப் போனவள் நின்றுவிட்டாள்.

"எஸ்தரு. துரைசானிட்ட என்ன சொன்ன?"

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஆப்பீஸ்ல வச்சு, ரைட்டர் முன்னால, துரை கேக்காரு. 'கணக்கப்பிள்ளை, கவுத்த கூடைன்னா என்ன?'ன்னு. அம்புட்டு ஆம்பளைக முன்னால. நா என்னத்தச் சொல்லுவேன்?"

உத்தரவு இது. மழைக் காய்ச்சலில் பாதி ஆள் படுத்திருக்கிறது. இனி கவிழ்த்த கூடைக்கு ஸ்டோர் கிடையாது. கூடை கவிழ்த்தவர்கள் பேர் கூப்பிட்டதும் முன்னே வந்து நிற்க வேண்டும். டீச்சர் வந்து அவர்களுக்கு ஐந்து நிமிஷம் டிரில் கொடுக்க வேண்டும். பிறகு மலைக்கு. நாளை முதல்.

அப்பா கையைக் கழுவிவிட்டார். சோறு அப்படியே இருந்தது. "இம்புட்டு வருசமா நா கூடையத்தான் பாத்திருக்கேன் எஸ்தரு. ஒரு பொம்பள மொகத்த நிமிந்து பாத்ததில்ல. அந்த ஒரு மரியாதைதான் எனக்கு அவளுவட்ட இருந்தது."

என்னை அடித்திருக்கலாம்.

ஜூன் 21, வியாழன்

எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நாளடைவில் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

தூறல். களத்தில் எல்லாரும், தலையில் கம்பளியைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு. துரை குதிரைமேல். மூன்று கூடை கவிழ்ந்திருந்தது. உத்தரவு அவர்களுக்கு இன்னும் தெரியாது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு அதை அறிவித்தார்.

மூன்று பேர்: முக்கம்மாள், நாற்பது இருக்கும். புஷ்பம், கோயிலில் எங்களுக்கு முந்தின பெஞ்சு. செல்லம்மா, கல்யாணமாகிப் போடியிலிருந்து மலை ஏறி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் மருந்தடிக்கும் ஆட்கள் வரிசையில் நின்றான்.

முக்கம்மாள் கூடையை நிமிர்த்தப் போனாள். துரை சாட்டையால் சுட்டிக்காட்டினார். விட்டுவிட்டாள்.

முன்னே வந்தார்கள். இருநூறு பேருக்கும் இப்போது தெரியும், இந்த மூன்று பேருக்கு இன்று என்னவென்று. ஆண்கள் முன்பும் அறிந்தவர்கள்தான். ஆனால் அறிந்ததை ஒருவர் முகத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டதில்லை.

நான் "ஒன்" என்றேன். யாரும் குனியவில்லை. "ஒன்" என்றேன் மறுபடி. என் குரல் பிள்ளைகளுக்குச் சொல்லும் குரலாகவே வந்தது. முக்கம்மாள் குனிந்தாள். மற்ற இருவரும் குனிந்தார்கள். "டூ."

மருந்துக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "எலே, ஒம் பொண்டாட்டி நல்லாத்தாம்ல குனியுதா! பட்டாளத்துல சேத்துருவோமா?"

சிரிப்பு. செல்லம்மாவின் புருஷன் தலையைக் குனிந்து காலால் மண்ணைக் கிளறினான். செல்லம்மா குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே இருந்தாள், கைகள் தொங்க.

பத்துவரை எண்ணினேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பத்துவரை.

ஜூன் 22, வெள்ளி

கவிழ்ந்த கூடை ஒன்றுமில்லை.

ஜூன் 23, சனி

ஒன்றுமில்லை. களத்தில் போய் நின்றேன். எனக்கு வேலையில்லை. எல்லாக் கூடையும் நிமிர்ந்து, எல்லா முகமும் என்னைத் தாண்டி எங்கோ. அரிசி புடைத்தேன், தலை குளித்தேன், நாள் போயிற்று.

ஜூன் 29, வெள்ளி

பங்களாவிலிருந்து ஆள் வந்தான். ஒரு தகரப் பெட்டி பிஸ்கட். ஒரு கடிதம். மதராஸுக்கு எழுதிய சிபாரிசின் நகல்.

பிரித்துப் படித்தேன். அதில் இருப்பது: இந்த இளம்பெண்ணின் முயற்சியால் எங்கள் எஸ்டேட்டில் பெண் தொழிலாளரின் மாதாந்தர உபாதை ஒரே வாரத்தில் முற்றிலும் ஒழிந்தது.

ஒழிந்ததாம். கூடை கவிழவில்லை, ஆகவே வலி இல்லை. மூன்றாம் லயத்தில் பிழிந்து காய்கிற துணியை எந்தத் துரை பார்த்தான்?

பிஸ்கட்டை அம்மா எடுத்துக்கொண்டாள். கடிதத்தைக் கிழிக்கவில்லை. இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. கிழிக்கத்தான் எடுத்தேன் என்று எழுதலாம். அது பொய்.

ஜூலை 10, செவ்வாய்

முதல் நாள். சாக்கு விரித்தேன். செய்தேன். குறைந்தது. குறைந்துவிட்டதே என்று அழுகை வந்தது.

ஜூலை 13, வெள்ளி

காற்று. நாலாம் நம்பர் மலையில் மரம் விழுந்தது என்றார்கள்.

இரண்டு மணி சுமாருக்குப் பள்ளியைத் தாண்டி நாலு பெண்கள் இறங்கினார்கள். நடுவில் பேச்சி. கம்பளியில் வாந்தி. பாவாடை முழங்காலுக்குக் கீழே வரை நனைந்து ஒட்டியிருந்தது. மழையால் மட்டும் நனைந்த நிறமில்லை. நிறைக்குள் நின்றபடியே வாந்தி எடுத்துத் தலை சுற்றி, முதுகுக் கூடையோடு மூன்று நிறை கீழே உருண்டிருக்கிறாள். முழங்கால் கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். முக்கம்மாள் என் கையைத் தள்ளினாள்.

"வேண்டாம் டீச்சர். நீங்க எண்ணுங்க. அதுதானே ஒங்களுக்குத் தெரியும்."

"முக்கம்மாக்கா, நான் நெனச்சது…"

"நீங்க நெனச்சிய. உக்காந்து எழுதுத பிள்ளைக்குக் குனிஞ்சு நிமிந்தா நல்லாத்தாம் இருக்கும். நாங்க எப்பம்மா நிமிந்தோம், குனியச் சொல்லுததுக்கு?"

பேச்சி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் நன்றாயிருந்திருக்கும். கூச்சப்பட்டாள். பாவாடையைக் கையால் இழுத்து இழுத்து மறைத்தாள், என்னிடமிருந்து.

காலையிலிருந்து கொழுந்து நிறுக்க இரண்டு தடவை மலை இறங்கி, இரண்டு தடவை ஏறியிருக்கிறாள். முதுகில் ஈரக் கொழுந்து. அவளுக்கு நான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தேன்.

மாதவிடாய். எழுதிவிட்டேன். கை ஒன்றும் அழுகிவிடவில்லை.

ஜூலை 14, சனி

பங்களாவுக்குப் போனேன். கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனேன், திருப்பிக் கொடுக்க.

பட்லர் வராந்தாவிலேயே நிறுத்தினான். "என்ன காரியம்?" பெண்கள் காரியம் என்றேன். கதவை ஒட்டியே நின்றுகொண்டான். அவன் காதுபடத்தான் பேசினேன்.

து.சா. பூச்சாடியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் சொன்னது தவறு என்றேன். வலி போகவில்லை, மறைக்கிறார்கள், ஒருத்தி நேற்று விழுந்தாள். ஸ்டோர் வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.

"ஆனால் உனக்குக் குணமாகிறது என்று நீதானே சொன்னாய்?"

ஆகிறது என்றேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். வலித்தால் பள்ளியை மூடிவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்ள முடிகிறவள். ஒரு சாக்கு, ஒரு காய்ந்த தரை, அரை மணி நேரம், யாரும் பார்க்காத இடம். இவ்வளவும் சேர்ந்துதான் அந்தப் பயிற்சி. அதில் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை. இருந்த ஸ்டோரையும் நான் பிடுங்கிவிட்டேன்.

இப்படியே சொல்லவில்லை. வார்த்தை கிடைக்காமல், பாதியில் தமிழில் விழுந்து, "நான் காட்டிக்கொடுத்துட்டேன்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

வருத்தப்பட்டார், உண்மையாகவே. அந்த டிரில் அன்று ஒருநாளோடு நின்றதுதானே, இனி அதைக் கேட்க மாட்டோம் என்றார். ஸ்டோர் விஷயம் துரையுடையது. ஆள் பற்றாத நேரம். சொல்லிப் பார்க்கிறேன், நம்பிக்கை வைக்காதே.

"மதராஸுக்குத் தயாராகிறாயா?"

அப்போது எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். ரவிக்கைக்குள் குத்திக்கொண்டே இருந்தது. "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். கடிதத்தோடு.

ஜூலை 15, ஞாயிறு

ஆராதனைக்குப் பிந்திப் போனேன்; எங்கள் பெஞ்சு நிறைந்திருந்தது. புஷ்பத்தின் பெஞ்சில் நாலு பேர் உட்கார இடம் இருந்தது. யாரும் நகரவில்லை. நின்றேன். பிரசங்கம் நீளம். நனைந்த கம்பளி வாடை.

ஜூலை 24, செவ்வாய்

மதராஸிலிருந்து விண்ணப்பத் தாள். ஜனவரியில் சேர்க்கை. பூர்த்தி செய்யவில்லை. தூக்கியும் போடவில்லை.

பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எண்ணிக்கை கூடியிருக்கிறது. காரணம் நானில்லை, ஒழுகிய இரண்டு இடத்திலும் அப்பா புதுத் தகரம் போட்டுக் கொடுத்தார். என்னோடு பேசாமலேயே போட்டார்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி எல்லாம் வெளியே.

பேச்சிக்கு இன்றைக்கு நாள். கணக்கு வைத்திருக்கிறேன், எனக்கு உரிமையில்லாத கணக்கு. ஆறரைக்கே ஜன்னலில் நின்றேன். எல்லாக் கூடையும் நிமிர்ந்தே இருந்தன. அப்பா பேர் கூப்பிட்டார். துரையும் இருந்தார். பெண்கள் மலைப்பக்கம் பிரிந்தார்கள்.

பேச்சி பிரியவில்லை. அவளும் இன்னொருத்தியும் ஸ்டோர் பாதையில் போனார்கள். சாதாரணமாக. துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்ன அடையாளம்? தலைத்துணியின் முடிச்சா? நின்ற இடமா? கூடைக் கயிற்றைப் பிடித்த கையா? எத்தனை நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. யாரோ யோசித்து, இருநூறு பேர் நடுவில் பேசி முடிவு செய்து, அப்பாவுக்கும் சொல்லி, ஒரு மாதத்துக்குள் நடந்திருக்கிறது. நான் மட்டும் அறியாமல்.

மத்தியானம் அப்பாவிடம், "பேச்சிய ஸ்டோருக்கு அனுப்புனியளாப்பா?"

"ஆள் கேட்டாவ. அனுப்புனேன்." மோர் ஊற்றச் சொன்னார். இத்தனை நாளில் என்னிடம் அவர் கேட்ட முதல் காரியம்.

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது பேச்சியிடமே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இப்பம் என்ன வச்சிருக்கிய பேச்சி, கூடைக்குப் பதிலா?"

சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான். "அது ஒங்களுக்கு எதுக்கு டீச்சர்? நீங்க என்ன கொழுந்தா எடுக்கப் போறிய?"

பிள்ளையின் சிலேட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். முழங்காலை இன்னும் மடக்காமல் நடக்கிறாள்.

ஆகஸ்ட் 16, வியாழன்

மேகம். மழை இல்லை. விண்ணப்பத் தாளில் என் பெயரை மட்டும் எழுதினேன்.

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். பேச்சி, அவள் முதுகுக்குப் பின்னால் செல்லம்மா. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு இவளைக் கிட்டத்தில் நான் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டோரில் இருந்து வந்திருக்கிறார்கள்; தலைமுடியில் தேயிலைத் தூள்.

"டீச்சர், அந்தத் தரையில படுத்துச் செய்தத மட்டும் இவளுக்குச் சொல்லிக் குடுங்க. இவளுக்கு என்னயவிட மோசம். எனக்கு அது கொஞ்சம் கேட்டுச்சுல்லா. பொய் சொல்லக் கூடாது."

"நீயே சொல்லிக் குடுக்கலாமே."

"எனக்கு முட்டி மடங்கல்ல."

சாக்கை விரித்தேன். கதவைத் தாழிட்டேன். ஜன்னலுக்குத் துணி போட்டேன். செல்லம்மா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. பேச்சியின் காதில் ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றேன்.

பேச்சி என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கிடுவியளாம். அப்பம்னாத்தான் படுப்பாளாம்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். மல்லாந்து படு என்றேன். சாக்கு சரசரத்தது. முழங்கால் இரண்டையும் மடக்கி மார்புக்கு இழு. மெதுவா. மூச்சை விடு. இப்ப நீட்டு. மறுபடி.

பழக்க தோஷத்தில் வாய் "ஒன்" என்றுவிட்டது.

"எண்ண வேண்டாம் டீச்சர்." செல்லம்மாவின் குரலை முதல்முதலாகக் கேட்கிறேன். மெல்லிய குரல்; ஆனால் உத்தரவு.

சரி என்றேன், சுவரிடம். எண்ணவில்லை.